ஓடையில் நனைத்த சக்கரம்

மச்சான்,

இன்று காலை ஒருவனைப் போட்டு அடித்துவிட்டேன். பக்கத்து ஊர்க்காரன். டிரெய்லர் சக்கரம் முனகுகிறது, பார்த்துக் கொடு என்று கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மூடியைத் தட்டிக் கழற்றினேன். உள்ளே இருந்த கிரீஸ், மோர் விட்டுக் கலக்கியதுபோல் வெளுத்துக் கிடந்தது. கூடவே இரும்பு கருகிய நாற்றம். மூன்று வருடம் கழித்து அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் எனக்கு என்ன ஆனதென்றே தெரியவில்லை. கிரீஸை வழித்து அவன் முகத்தில் அப்பினேன். சட்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து மோதினேன்.

"இன்னாத்துக்குண்ணா அடிக்கிற? சக்கரம் சூடாச்சேன்னு தண்ணியில உட்டேன். எங்கப்பா வண்டியக்கூட தண்ணியிலதான் உடுவாரு."

"அது மரச்சக்கரம்டா" என்று சொல்லிவிட்டு இன்னொன்று வைத்தேன். அவன் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போனான்.

உனக்குத் தெரியாததா? மாட்டு வண்டி வைத்திருந்த வீட்டில் பிறந்த எவனுக்கும் அந்தப் புத்தி போகாது. மரச்சக்கரம் தண்ணீரில் ஊறினால் உப்பி, மேலே இருக்கும் இரும்புப் பட்டை இறுகும். மலையிறங்கி வந்ததும் மாட்டைக் குளிப்பாட்டி, சக்கரத்தையும் நனைப்பதுதான் வழக்கம். நாம் இருவரும் சேர்ந்து டிரெய்லர் வாங்கியபோதும் நான் அதையேதான் செய்தேன். சூடான ஹப் சட்டென்று குளிர்ந்தால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், கிரீஸ் கெட்டு பேரிங் தேயும் என்று நீ எத்தனை தடவை சொன்னாய். நான் தலையை ஆட்டிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

ஒருநாள் படவேட்டுக்குப் போகும் வழியில், அடிவாரத்து ஓடையில், நடு மடுவில் டிரெய்லரோடு நான் நின்றதைக் கையும் களவுமாகப் பிடித்தாய். முழங்கால் தண்ணீரில் இறங்கிவந்து வீல் ஸ்பேனரால் என் தோளில் போட்டாய். நானும் சும்மா இருக்கவில்லை. கைக்கு வந்த கல்லை எடுத்து உன் வாயில் குத்தினேன். உன் முன்பல் ஒன்று தண்ணீரில் விழுந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் வந்து பிரித்திராவிட்டால் அன்றைக்கே நம்மில் ஒருவன் போயிருப்பான்.

மறுநாள் வீங்கிய வாயோடு இரண்டு ஹப்பையும் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாய். மண்ணெண்ணெயில் பேரிங்கைக் கழுவி, துடைத்து, வெயிலில் வைத்தாய். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் விளிம்பால் அதைக் குத்திக் குத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை திணித்தாய். சக்கரத்தைச் சுழற்றியபடியே நட்டை இறுக்கி, பிறகு துளி தளர்த்தி, அது கழலாமல் பின்னைச் செருகி அதன் காலை மடக்கினாய். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கெட்ட வார்த்தை. "இனிமே தண்ணியில எறக்குன, உன்ன இந்தச் சக்கரத்துக்கு அடியில படுக்க வச்சி ஏத்துவேன்" என்றாய். செய்யக்கூடியவன்தான் நீ.

அதற்கடுத்த புளி சீசனில் நீ காய்ச்சலில் படுத்துவிட்டாய். நான்கு நாள் நானே மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். இரண்டாம் நாளே இடதுபக்க ஹப் கை வைக்க முடியாமல் கொதித்தது. உன்னிடம் சொன்னால் எழுந்துவந்து லோடு முழுவதையும் இறக்கவைத்துப் பிரித்துப் பார்ப்பாய். உன் பேச்சைக் கேட்காமல் அதிக மூட்டை ஏற்றியதும் தெரிந்துபோகும். உன் கைக்குப் பயந்து, யாருக்கும் தெரியாமல், தினமும் ஓடையில் இறக்கி ஆறவைத்தேன்.

ஐந்தாம் நாள் நீயும் கிளம்பி வந்தாய். வழக்கம்போல் நான் டிராக்டர் ஓட்ட, சரிவில் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டையோடு நீ பக்கத்திலேயே நடந்தாய். மூன்றாவது வளைவில் கிறீச்சென்று ஒரு சத்தம். இடதுசக்கரம் பிடித்துக்கொண்டு, அடுத்த நொடி ஹப்போடு பிய்த்துக்கொண்டு பள்ளத்தில் உருண்டது. டிரெய்லர் உன் பக்கம் சாய்ந்தது. புளி மூட்டைகள் உன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன்.

ஊர் கூடிக் கேட்டபோது, "கிரீஸ் போட்டு மாட்டினது மச்சான்தான். பின்னு போட மறந்துட்டான் போல" என்றேன். சக்கரம் பள்ளத்தில் எங்கோ கிடந்தது. யாரும் இறங்கிப் பார்க்கவில்லை. மூன்று வருடமாக நம் ஊரில் உன் பேர் அதுதான். பின் போடத் தெரியாமல் செத்தவன். உன்னைக் கட்டிக்கொண்ட என் தங்கை உன் படத்துக்குப் பூ வைக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டினாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு, அவள் கொடுத்த டீயையும் குடித்திருக்கிறேன். என்னைப் போன்ற ஈனப்பிறவியை நீ அன்று மடுவிலேயே அமுக்கிக் கொன்றிருக்கலாம்.

காலையில் அவன் ஓடியபிறகு கையைக்கூடக் கழுவாமல் தங்கை வீட்டுக்குப் போனேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள். அடுப்பங்கரையிலிருந்து விறகுக்கட்டையோடு வந்து தலை, முதுகு, கை என்று பார்க்காமல் அடித்தாள். கட்டை உடைந்தபிறகும் நிறுத்தவில்லை. நான் கையைத் தூக்கி மறைக்கவில்லை.

"ஒத்தப் பின்னுக்கு வக்கில்லாத ஆளுன்னு எத்தினி நாளு வஞ்சிருக்கேன். நீ நின்னு கேட்டுகினுதான இருந்த? போ. ஊரக் கூட்டிச் சொல்லு. சொல்லிட்டு இந்தப் பக்கம் வராத."

சொல்லிவிட்டேன். சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நின்று சொன்னேன். உன் அண்ணன் எழுந்துவந்து மிதித்ததில் விலா ஒன்று போயிருக்கும் போலிருக்கிறது. மூச்சு இழுத்தால் குத்துகிறது. உன்மேல் இருந்த பழி போய்விட்டது மச்சான். இனி அந்தப் பேர் உனக்கு இல்லை.

ஆனால் ஒன்றை மட்டும் தங்கையிடமும் சொல்லவில்லை, ஊரிடமும் சொல்லவில்லை. மூட்டைகளைப் புரட்டித் தள்ளிவிட்டு உன் முகத்தைத் தேடி எடுத்தேன். வாயெல்லாம் ரத்தம். உன் கை இரண்டும் வண்டிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. அப்போதும் நான் உன் கைக்குத்தான் பயந்தேன்.

"தண்ணியில எறக்குனியா?" என்று கேட்டாய்.

"இல்ல மச்சான்" என்றேன்.

"அப்ப நான்தான் பின்ன உட்டுட்டேனா?" என்றாய். நான் உன் வாய் ரத்தத்தைத் துடைத்துவிட்டேன். என்னை நம்பித்தான் செத்துப்போனாய்.