சக்கரத்தில் முனகியவர் யார்

அண்ணே,

நேற்று உங்கள் வீட்டுக் கிணற்றுக் கப்பி முனகியது. உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பெண்கள் தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் அது ஓர் இழுப்பு இழுத்து அழுதது. உங்கள் மருமகள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, மாமா குரல் மாதிரியே இருக்கிறது, என்னமோ சொல்ல வருகிறார்கள் என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் உடனே கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு என்ன கோபம் வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கேட்காமலே அடுப்படிக்குள் போய் விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்து கப்பியின் அச்சில் ஊற்றினேன். சத்தம் நின்றது. செத்தவர் வாயைப் பொத்தியவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இந்தப் பார்வைக்கெல்லாம் அசைகிறவளாக இருந்தால் நான் எப்போதோ ஊரைவிட்டுப் போயிருப்பேன்.

உங்கள் கார் முனகிய கதைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. யுத்தம் முடிந்தும் அரிசிக்கும் பெட்ரோலுக்கும் சீட்டு வாங்கிக்கொண்டு நின்ற காலம் அது. பருத்திக் கமிஷன் கடைக்காரர் ஒருவரின் பழைய பிளசர் காரை நீங்கள் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். என் வீட்டுக்காரரும் நீங்களும் ஒன்றாகக் குளத்தில் விழுந்து வளர்ந்தவர்கள். சாதி வேறு, வீட்டில் பேசும் பேச்சு வேறு, ஆனாலும் அவர் உங்களுக்கு மாப்பிள்ளை, நான் தங்கச்சி. அவருக்கு வயிற்றுவலி கண்டு உள்ளூர் வைத்தியர் கையை விரித்ததும் மதுரை ஆஸ்பத்திரிக்கு நீங்கள்தான் ஏற்றிக்கொண்டு போனீர்கள். போன மனிதர் திரும்பவில்லை. பிணத்தை ஏற்ற மதுரையில் எந்தக் காரும் சம்மதிக்காதபோது, "எம் மாப்ளய நான் ஏத்தாம வேற எவன் ஏத்துவான்" என்று சொல்லி அதே காரில் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தீர்கள்.

வினை அங்கேதான் பிடித்தது. அந்த வாரத்திலிருந்து கார் முனகுகிறது என்று ஊர் சொல்லத் தொடங்கியது. வேகம் எடுத்தால் ஒரு ஹூங்காரம், அப்புறம் அடித்தொண்டையில் ஓர் உறுமல். பிணம் ஏற்றிய கார், செத்தவன் இறங்கவில்லை என்றார்கள். திருச்சுழிச் சந்தைக்குப் போகிறவர்கள்கூட உங்களைக் கண்டதும் வண்டி மாட்டைத் தேடிப் போனார்கள். கல்யாணச் சவாரி ஒன்றுகூட வரவில்லை. முதலாளி பூசணிக்காய் உடைக்கச் சொன்னார், நீங்களும் உடைத்தீர்கள்.

உங்களுக்குக் காரோடு போன கஷ்டம் எனக்கு வீட்டுக்குள் வந்தது. எங்கள் நெசவுத் தெருவில் குச்சியில் தார் நூல் சுற்றுவதும் நூல் இழைப்பதும் பெண்கள் வேலை. தறிக்குழிக்குள் இறங்கி நெய்வது ஆண்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அவர் போன பிறகு அவர் தறி சும்மா கிடந்தது. முப்பதாம் நாள் காரியம் கழிந்ததும் நான் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நெய்யத் தெரியும், அவரே பழக்கியதுதான். மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். கொழுந்தன் அன்று சாப்பிடவில்லை.

பிறகு கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். அவர் உடுக்கையை அடித்துத் தலையைச் சுழற்றி, என் வீட்டுக்காரர் குரலில் பேசுவதாகப் பேசினார். "எந் தறியில கால வச்சுட்டா. அவ இந்த வீட்ல இருக்குற வரைக்கும் நான் அடங்க மாட்டேன். சக்கரத்துல ஒக்காந்து சுத்திக்கிட்டே இருப்பேன்" என்றார். மாமியார் குலுங்கிக் குலுங்கி அழுதார். பாவம், அந்த அழுகை நிஜம்தான். என்னைக் காரியாபட்டியில் என் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று அங்கேயே முடிவாயிற்று.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எங்கள் வீட்டில் கன்னடம். அவர் தன் தாயிடம் ஒருநாளும் தமிழில் பேசியதில்லை. செத்த பிறகு மட்டும் தமிழ் எப்படி வந்தது என்று கேட்டேன். அதற்கும் கோடாங்கி ஏதோ பதில் வைத்திருந்தார். நான் எழுந்து நின்று சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. "உசுரோட இருக்கையில வலிக்குதுன்னு ஒரு வார்த்த முனகாத மனுசன், செத்த பெறகா சக்கரத்துல ஒக்காந்து முனகப் போறாரு?"

மறுநாள் நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். என்னால்தான் உனக்கு இந்தக் கதி என்று தலையைத் தொங்கப்போட்டீர்கள். இன்ஜினையே பிரித்து மாட்டுகிற மனிதர், முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தீர்கள். அதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. டயரை மாற்றிப் பார்த்தேன், பின் அச்சைப் பிரித்துப் பார்த்தேன், எங்கேயும் குற்றமில்லை, எனக்கே சந்தேகமாக இருக்கிறது என்றீர்கள். நான் ஒன்றுதான் கேட்டேன். "போகும்போதே அந்தச் சத்தம் இருந்துச்சேண்ணே, நீங்க கேக்கலயா?"

நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கண் ரோட்டிலும் மனசு ஆஸ்பத்திரியிலும் இருந்தது. நான் பின் சீட்டில் அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். ரோடு வலப்பக்கம் வளையும்போதெல்லாம் அவர் தலை இடப்பக்கம் சரியும், நான் இறுக்கிப் பிடிப்பேன். அப்போதெல்லாம் காருக்கு அடியிலிருந்து ஒரு ரீங்காரம் எழும்பும். இடப்பக்கம் வளைந்தால் அடங்கிவிடும். அவர் உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்ட சத்தம் அது. நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையில் விரலால் கோடு போட்டீர்கள். வலப்பக்கம் ஒடித்தால் பாரம் இடச் சக்கரத்தில் விழும் என்றீர்கள். உங்கள் முகத்தில் அன்றுதான் ரத்தம் ஓடியது.

தாலியறுத்தவள் முகத்தில் விழித்தால் அன்றைய சவாரி உருப்படாது என்பது ஊர் வழக்கு. நீங்கள் அதிகாலை முதல் சவாரியாக என்னை ஏற்றினீர்கள், அதுவும் முன் சீட்டில். பாளையம்பட்டி தாண்டிக் கரிசல் விரிந்த இடத்தில், ஆளில்லாத ரோட்டில் காரை வலதும் இடதுமாக வளைத்து வளைத்து ஓட்டினீர்கள். வலதில் உறுமல், இடதில் அமைதி. ஓர் உடைமர நிழலில் நிறுத்தி, இடப்பக்க முன் சக்கரத்துக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கினீர்கள். மேலும் கீழும் பிடித்து அசைத்தால் சக்கரம் லொடலொடத்தது. கையால் சுற்றிவிட்டு, பக்கத்தில் காரைத் தாங்கும் வில் பட்டையில் என் உள்ளங்கையை வைக்கச் சொன்னீர்கள். கரகரவென்று ஒரு நடுக்கம் கைக்குள் ஏறியது.

மூடியைத் தட்டி எடுத்து, நட்டைக் கழற்றி, பேரிங்கை வெளியே எடுத்துச் சீமெண்ணெயில் அலசினீர்கள். கிரீசெல்லாம் கருத்து, உள்ளே இரும்புத் தூள் மின்னியது. உருளைகளில் அம்மை வடு விழுந்திருந்தது. "இந்தாருக்காரு பாரு நம்ம மாப்ள" என்று என் கையில் வைத்துவிட்டு நீங்கள் சிரித்தீர்கள், பிறகு அழுதீர்கள். இரண்டையும் நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அந்தக் காலத்தில் புது பேரிங் எங்கே கிடைக்கும்? மதுரையில் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, உடைத்துப் போட்டிருந்த அதே ரகக் கார் ஒன்றிலிருந்து நல்லதாக ஒன்று எடுத்து வந்தீர்கள். சக்கரக் குடத்துக்குள் உட்கார்ந்திருந்த பழைய வளையத்தைத் தட்டி எடுத்துவிட்டு, வந்ததை இறக்கி, கிரீசு திணித்து, நட்டை முறுக்கி, அரைத் திருகு தளர்த்திப் பூட்டினீர்கள். கார் பூனை மாதிரி ஓடியது.

ஜெயித்தோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீங்கள் மதுரையில் அலைந்த நாட்களில் கோடாங்கி முச்சந்தியில் சேவல் அறுத்துப் பூசை போட்டிருந்தார். சத்தம் நின்றது பூசையால் என்று ஊர் சொல்லிவிட்டது. இவள் இருந்தால் மறுபடி வரும், அதற்குள் அனுப்பிவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டது. தம்பிக்கு ஆள் போய், அவனும் மாட்டு வண்டியோடு வந்து வாசலில் நின்றான். நான் பெட்டி கட்ட மாட்டேன் என்று தறித்தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று காலை தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை நீட்டியிருந்தார்கள், அதனால் எல்லோரும் வெளியே இருந்தார்கள். பாவைச் சுருட்டும் வரைக்கும் தெருமுனையில் காத்திருந்து, காரை நேராக எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். ஜாக்கியைப் போட்டுச் சக்கரத்தைக் கழற்றினீர்கள். நல்ல பேரிங்கை எடுத்துத் துணியில் சுற்றி, வாசலுக்கு எழுந்து வந்த என் கையில் கொடுத்தீர்கள். பையிலிருந்து அந்த அம்மை வடுப் பேரிங்கை எடுத்து மறுபடி மாட்டினீர்கள். நோய் தீர்ந்தவனுக்குத் தானே நோயைத் திருப்பிக் கொடுக்கிற வைத்தியனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

காரை எடுத்துத் தெருக்கோடிவரை விட்டு, வலப்பக்கம் ஒடித்துத் திரும்பினீர்கள். உறுமல் வந்தது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். மாமியார் தூணோடு ஒட்டிக்கொண்டார். நீங்கள் திரும்பி வந்து நிறுத்தி, அதே பொறுமையோடு கெட்டதைக் கழற்றி நல்லதை மாட்டி, மறுபடி ஒரு சுற்று ஓட்டினீர்கள். சத்தமில்லை. இறங்கி வந்து, கிரீசுக் கையோடு மாமியார் முன்னால் நின்றீர்கள்.

"கூப்பிட்டதும் நான், அனுப்புனதும் நான். வேணும்னா இன்னொரு தடவ கூப்புடுறேன், கோடாங்கியையும் வரச் சொல்லுங்க. எம் மாப்ளய மட்டும் இதுல இழுக்காதீகத்தா."

மாமியார் பழைய பேரிங்கை வாங்கி விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அது கரகரத்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, என் தம்பியைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுப் போ என்று மட்டும் சொன்னார். நான் தறிக்குழிக்குள் இறங்கினேன். அதன் பிறகு என்னை யாரும் எழுப்பவில்லை. என் கால் மரத்துப்போகும் வரை அந்தக் குழியில்தான் இருந்தேன். ஊர் மட்டும் லேசில் விடுமா? அந்த டிரைவருக்கு மலையாள மந்திரம் தெரியும், பேயைப் போ என்றால் போகும், வா என்றால் வரும் என்று பேசிக்கொண்டது. உங்களுக்கு அதனால் சவாரி கூடியது என்பது வேறு கதை.

நேற்றுப் புறப்படும்போது உங்கள் மகனிடம், அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டேன். கஞ்சியில் உப்புக் கூடிவிட்டது என்றீர்களாம். அவனுக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதுதான் அப்பா பேச்சு, அதை அப்படியே வைத்துக்கொள், ஊர் கேட்டாலும் அதையே சொல், அழகாக ஒன்றைச் செய்து வைத்துவிடாதே என்று கண்டித்துவிட்டு வந்தேன்.

என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. மதுரைக்குப் போகும்போது, காரியாபட்டிக்கு வெகுதூரம் முன்பே, என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து உங்களைக் கேட்டார். "காரியாபட்டி வந்துருச்சா?" வரவில்லை என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். "இந்தா வந்துருச்சு மாப்ள" என்றீர்கள். சரி என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. தறியைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி இல்லை. குறையும் சொல்லவில்லை, ஆசையும் சொல்லவில்லை. அவர் வாயில் ஊர் எத்தனையோ பேச்சை வைத்துப் பார்த்தது. நிஜமாக அவர் பேசியது அந்த ஒரு கேள்விதான். அதைக் கேட்டவர்கள் நீங்களும் நானும் மட்டும். இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன் அண்ணே. ஒரு சொல்லைக்கூடக் கூட்டாமல் வைத்திருக்கிறேன்.