ஆமைக்குஞ்சுகளை வழியனுப்பிய காலை

மார்ச் 1, ஞாயிறு. சிங்காநல்லூர்

காலையிலேயே வெயில். பெட்டி கட்டும் வேலை. கச்சாயம், பருப்புப் பொடி, சுதாவுக்கு ஒரு சுடிதார். அந்தமானில் கடலாமை முட்டைகளைப் பாதுகாக்கும் இடத்தில் மகளுக்கு வேலை. இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கட்டுமா என்று போனில் கேட்டாள். இவரோ மறுநாளே பெருந்துறையில் ஒரு கம்பெனி லேபில் வேலை பேசி வைத்துவிட்டார். கையோடு கூட்டி வரத்தான் இந்தப் பயணம். எனக்கோ தீவைப் பார்க்கும் ஆசை. வெளியே சொல்லவில்லை.

கிளம்பும்போது பக்கத்து வீட்டில் வாய் தவறி "போறோமுங்க" என்றுவிட்டேன். இவர் முகம் சுருங்கிப் போனது. நான் திரும்பப் போய் "வாரோமுங்க" சொன்ன பிறகுதான் ஆட்டோவில் ஏறினார்.

மார்ச் 3, செவ்வாய். தீவு

விமானம், கப்பல், ஜீப். இடுப்பு போச்சு. ஆனால் என்ன கடல்! பச்சையா நீலமா, சொல்லத் தெரியவில்லை. ஒரு ஹாரன் சத்தம் இல்லை. சுதா கறுத்திருக்கிறாள், அழகாயிருக்கிறாள். இவர் வந்ததும் வராததுமாக வேலிக் கதவின் துருப்பிடித்த கீலைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லேத் பட்டறைக்காரர் வேறென்ன செய்வார். பெருந்துறைப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

மார்ச் 4, புதன்

விடியும்போது கடற்கரை. பொரித்த குஞ்சுகள் கூடை நிறைய. உள்ளங்கையில் பாதிகூட இல்லை. தண்ணீருக்குச் சற்று முன்னாலேயே மணலில் விட்டார்கள். ஒன்று மல்லாந்துவிட்டது. இவர் குனிந்தார், எடுத்துக் கடலில் விட. சுதா கையைப் பிடித்தாள்.

"தூக்காதீங்கப்பா. நடந்தே போகோணும். அப்பத்தான் இந்தக் கரை ஞாபகம் இருக்கும்."

அது தானே புரண்டு நடந்தது. இவர் கல்யாண வாசலில் நிற்பதுபோல் நின்று, ஒவ்வொன்றுக்கும் "போயிட்டு வாங்க கண்ணு, போயிட்டு வாங்க". சுதாவுக்குச் சிரிப்பு. பொட்டையெல்லாம் நிஜமாகவே திரும்பி வருமாம், இந்தப் பக்கமே, முட்டையிட. பிழைத்தால். பத்து வருஷத்துக்கு மேல் ஆகுமாம்.

"அது வரைக்கும் கரைய ஆரு பாத்துக்குவாங்க?"

"நாங்கதானுங்கப்பா."

கடைசிக் குஞ்சு அலைக்குள் போகும் வரை இவர் அங்கேயே நின்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை.

மார்ச் 8, ஞாயிறு. சிங்காநல்லூர்

அதே வெயில். இரண்டு பேராகவே திரும்பினோம். துவைக்க எடுத்தால் இவர் சட்டைப் பையெல்லாம் மணல். பெருந்துறைக்காரர் போன் செய்தார், புள்ள வந்துவிட்டதா என்று.

"வருமுங்க," என்றார் இவர். "இப்ப இல்லீங்க."

உளுந்து ஊறப் போட மறந்துவிட்டேன்.