சாங்கிக்குக் கட்டிய சோறு

மே 10, வெள்ளி

வெயில். மேகம் பேருக்குக்கூட இல்லை. இன்று குழாய் நிறுத்தம். அண்டாவில் பாதித் தண்ணீர். பாத்திரம் கழுவிய தண்ணீரில் தரை துடைத்தேன். இப்படியே போனால் தரை துடைத்த தண்ணீரில் முகம் கழுவச் சொல்வார்கள்.

ஞாயிறு சாங்கி கடற்கரை! இவராகவே சொன்னார். "பஸ்ல போயிட்டு சாயங்காலம் வந்துடலாம்." கப்பலிலிருந்து இறங்கிய அன்று பார்த்ததோடு சரி, அப்புறம் கடலையே பார்க்கவில்லை. சுற்றிலும் கடல் இருக்கிற ஊர். எனக்குத் தெரிந்தது இந்த மாடியறை, தேக்கா மார்க்கெட், பெருமாள் கோயில்.

ஞாயிறென்றால் எனக்கு அடுப்படிதான். இவரோடு துறைமுகக் கிடங்கில் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் எல்லோரும் குடும்பத்தை இந்தியாவில் விட்டு வந்தவர்கள். பெண்டாட்டியைக் கூட்டி வந்தவர் இவர் ஒருவர். அதனால் ஞாயிறு மதியம் அத்தனை பேருக்கும் இங்கே சாப்பாடு. இறைச்சி வாங்கி வருவார்கள். தலை நிமிராமல் சாப்பிடுவார்கள். "நல்லா இருந்துச்சு அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தங்கமான மனிதர்கள். ஒரே ஒரு ஞாயிறு தங்கங்கள் கடையில் சாப்பிடட்டும்.

நீலச் சேலை. புளிச்சோறு, அவித்த முட்டை, நெத்திலி சம்பால். முழங்கால் வரை நனைய வேண்டும். இவரோடு சத்தமாகப் பேச வேண்டும். இங்கே பலகைச் சுவர். இருமினால்கூடப் பக்கத்து அறையில் "என்ன, சளியா?" என்று கேட்பார்கள்.

மே 11, சனி

தகரக் கூரை. மதியம் அறையில் இருக்க முடியவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்து புளி கரைத்தேன். பக்கத்து அறை பாத்திமாக்கா பார்த்துவிட்டு, "என்னம்மா, ஊருக்கே சோறு போடப் போறியா?" சாங்கி என்றேன். "கொடுத்து வச்சவ. எங்க வீட்டுக்காரரு கடைய விட்டு எந்திரிக்கவே மாட்டாரு."

சாயங்காலம் கிடங்குக்கு லாரி ஓட்டும் மாணிக்கம் வந்தார், கூட ஞாயிறு சாப்பாட்டுக்காரர்கள் இரண்டு பேர். மாணிக்கத்தின் முதலாளி நாளைக்கு லாரியைத் தருகிறாராம். இவருக்கு ஒரே குஷி. "பஸ்ஸே வேணாம், லாரி கிடைச்சிருச்சு! எல்லாருமா சாங்கி. சோத்தைக் கொஞ்சம் கூடப் போடு."

கொஞ்சம் சுருக்கென்றது. நாங்கள் இருவர் மட்டும் என்று நினைத்திருந்தேன். போகட்டும், லாரியில் போனால் காற்று வரும். அவர்கள் குளிக்கட்டும், நாங்கள் தள்ளிப் போய் உட்கார்ந்து கொள்ளலாம். கூட முட்டை வாங்கினேன். பெரிய சட்டியைக் கேட்டதும் பாத்திமாக்கா தந்தார். பாடிக்கொண்டே வெங்காயம் உரித்தேன். வெட்கங்கெட்டவள்.

மே 12, ஞாயிறு

விடிவதற்கு முன் சமையல் முடிந்தது. இருந்த தண்ணீரில் தலைக்குக் குளித்தேன். நீலச் சேலை, பூ.

கீழே லாரி ஹாரன். சட்டியை மாணிக்கம் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் கதவைப் பூட்டினேன். படியில் நின்று இவர் கேட்கிறார்:

"நீ எங்க கிளம்பிட்ட?"

சாங்கிக்கு என்றேன். வேறெங்கே?

"இத்தனை ஆம்பளைங்க குளிக்கிற இடத்துல நீ என்ன பண்ணுவ? அவங்களுக்குக் கூச்சமா இருக்காது?"

மாணிக்கம் கீழிருந்து, "அண்ணி வரட்டும்லா அண்ணே, முன்னாடி சீட்டுல உக்காரட்டும்." இவர் சிரித்தார். "அவளுக்கு வெயில் ஒத்துக்காதுப்பா." எனக்கு ஒத்துக்காதாம்! தகரக் கூரையின் கீழ் வேகிறவளுக்கு! "ஓரமா உக்காந்துக்கிறேங்க" என்று சொன்னேன். கெஞ்சின மாதிரி. அதுதான் இப்போதும் எரிகிறது. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். "நாம ரெண்டு பேரும் இன்னொரு நாள் போகலாம்" என்றார். போய்விட்டார்.

பூட்டைத் திறந்து உள்ளே வந்தேன்.

மதியம்தான் தெரிந்தது, எனக்கென்று ஒரு பிடி சோறு எடுத்து வைக்கவில்லை. அங்கே போய்ச் சாப்பிடுவதாக அல்லவா நினைப்பு. அண்டா காலி, உலை வைக்கவும் வழியில்லை. நாளைக்குத்தான் குழாய் வரும்.

பாத்திமாக்கா வாசலில் நின்று, "இன்னும் சேலைய மாத்தலயா?" அவ்வளவுதான் கேட்டார். பிறகு ரொட்டியும் தேத்தண்ணீரும் வந்தன. வயிறு சரியில்லை என்றேன். வைத்துவிட்டுப் போனார். சாப்பிட்டேன்.

பொழுது சாய்ந்து இவர் வந்தார். முகம், தோள் எல்லாம் கன்றிப்போய், மகா சந்தோஷமாக. காலிச் சட்டியை நடுவீட்டில் வைத்தார். "புளிச்சோறு பத்தல. அடிச்சுக்கிட்டாங்க."

சண்டை போடலாம் என்றால் பலகைச் சுவர்.

"என்னமோ பெருசா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க. அங்க என்ன இருக்கு? மணலும் தண்ணியும்தான்."

நீ சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. தூங்கிவிட்டார்.

மே 13, திங்கள்

குழாய் வந்தது, நூல் மாதிரி. வரிசையில் நின்று ஒரு வாளி.

வேலைக்குப் போகும்போது இவர், "ஞாயித்துக்கிழமை வழக்கம்போல எல்லாரும் வராங்க. புளிச்சோறே போதுமாம், கேட்டு விட்டாங்க." பாராட்டு! கதவைச் சாத்தினேன், கொஞ்சம் பலமாகவே. பக்கத்து அறைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

இவருடைய கைலியையும் துண்டையும் வாளியில் அலசினேன். வெளியே எடுத்த பிறகு அடியில் மணல் தங்கியிருந்தது, வெள்ளையாக, ஒரு கைப்பிடி. பொய் சொல்லவில்லை மனிதர். மணலும் தண்ணீரும்தான்.

கீழே குழாயடியில் யாருமில்லை. சேலையைத் தூக்கிக் கொண்டு வாளிக்குள் காலை வைத்துப் பார்த்தேன்.

ஒரு கால்தான் போயிற்று.