வலது பக்கம்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்தே புழுதிக் காற்று. துணி உலர்த்த முடியவில்லை.

அப்பாவின் வலது கண்ணில் போன வாரம் புரை ஆபரேஷன். நடுவில் லென்ஸ் பை கிழிந்து, புரையின் ஒரு துண்டு கண்ணுக்குள் பின்னால் விழுந்துவிட்டது. கண்ணின் அழுத்தம் குறைந்ததும் இரண்டாவது ஆபரேஷன். அதுவரை இரண்டு மணிக்கொரு தடவை சொட்டு. குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது, கத்தக் கூடாது. கடைசியைக் கேட்டதும் அம்மா தரையைப் பார்த்தாள்.

இதற்காகச் சின்னாளபட்டி வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து தங்கியிருக்கிறேன். காலை, இரவு சொட்டு நான். நான் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனபின் அம்மா. அட்டவணையில் டிக்.

10, செவ்வாய்
குழம்பில் உப்புக் குறைவு. அப்பா செம்பை எறிந்தார். அம்மாவின் காதோரம் போய்ச் சுவரில் நசுங்கியது.
"எங்கடி நிக்கிற, சிறுக்கி?"
பக்கத்தில்தான். கண்ணை மூடிக் கட்டியிருக்கும் பக்கம்.

அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது இரண்டு தடவை. நான் ஆறாவது படிக்கும்போது, எம்.ஏ. படிக்கும்போது.

12, வியாழன்
பரிசோதனை. அழுத்தம் கூடியிருக்கிறது.
"சொட்டு ஒழுங்கா விடுறீங்களாம்மா?" டாக்டர்.
அட்டவணையைக் காட்டினேன். ஒரு டிக் பாக்கியில்லை.
"பார்வை வந்துருமா டாக்டர்?" அம்மா மூன்று தடவை கேட்டாள். கவலை என்று நினைத்தேன்.

வீட்டில் சொட்டு மருந்து பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தேன். முக்கால்வாசி அப்படியே.
"பகல்ல விடலையா?"
கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "வலப்பக்கம் நின்னா அவரு கை மேல பட மாட்டேங்குது தாயி. அம்பது வருசத்துல இந்த ஒரு வாரந்தான்."

13, வெள்ளி
விடுப்பு. எல்லாச் சொட்டும் நானே. பத்து மணிக்கு மருந்து எரிகிறதென்று என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். நெற்றியில் புடைப்பு. ஐஸ் வைத்தேன். பன்னிரண்டு மணிச் சொட்டு. என் கட்டைவிரல் அவர் இமையில். அழுத்தவில்லை. அழுத்தத் தோன்றியது.

பால் வாங்க மறந்தாயிற்று.

16, திங்கள்
அழுத்தம் குறைந்திருக்கிறது. புதன்கிழமை ஆபரேஷன். பார்வை பெரும்பாலும் திரும்பிவிடுமாம். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அம்மா பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவளுடைய நான்கு சேலை, சர்க்கரை மாத்திரை, ஆதார் கார்டு எல்லாம் பையில்.
"என்கூடச் சின்னாளபட்டிக்கு வந்துரும்மா. அவருக்குக் கண்ணு தெரியறதுக்குள்ள."
பையை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.
"அப்ப அவருக்கு யாரு தாயி சொட்டு விடுவா?"