எட்டு விசில் சோளம்

என்னை அடுப்புப் பக்கமே விடாத என் வீட்டுக்காரிக்கு,

நான் சௌக்கியம். நீயும் சின்னவளும் சௌக்கியமா? உன் முட்டிவலி தேவலையா?

சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாத ஆள் என்பாயே, இனிமேல் சொல்லாதே. இங்கே கம்பெனி கொடுத்த அறையில் நாங்கள் ஆறு பேரும் முறைவைத்துச் சமைக்கிறோம். போன வாரம் என் முறை. பிஞ்சு மக்காச்சோளம் வாங்கி, முற்றின கதிருக்கு நீ வைப்பதுபோலவே குக்கரில் எட்டு விசில் விட்டேன். கூழாகிவிட்டது. "மாப்ள, இதைக் கடிக்கவா, குடிக்கவா?" என்று பக்கத்துக் கட்டில் வெல்டர் மானத்தை வாங்கிவிட்டான்.

விடுவேனா? நேற்று மறுபடி வாங்கினேன். கொதிக்கிற தண்ணீரில் நான்கே நிமிடம். மேலே வெண்ணெய், எலுமிச்சை, மிளகாய்ப்பொடி. தொட்டுக்கொள்ளத் தயிரில் வெள்ளரிக்காய். அதே வெல்டர் மூன்று கதிரைத் தின்றுவிட்டு, "வெயில்காலம் முடியற வரைக்கும் நீதான்டா சமையல்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. நீ அரைத்த மிளகாய்ப்பொடி கொஞ்சம் அனுப்பு. டப்பாவின் மேல் 'மிளகாய்ப்பொடி' என்று உன் கையால் எழுதி ஒட்டு. பார்த்தாலே தெரியும்தான். இருந்தாலும் எழுது.

இப்படிக்கு,
ஆறு பேருக்குச் சமைத்துப் போடும்
உன் வீட்டுக்காரன்