இடது காலின் சபதம்

கடல் கடந்திருக்கும் என் தம்பி மகளுக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சிம்மாசனமாக்கி வீற்றிருக்கும் பெரியப்பா எழுதுவது. இடது கால் நீங்கலாக நான் நலம்.

உன் அப்பனைப் பழிவாங்கப் போகிறேன். முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

பட்டறையில் தகடு வெட்டும் இயந்திரத்தின் காப்புத் தடுப்பை அவன்தான் கழற்றினான். "வேலை சீக்கிரம் முடியும், சும்மா இருண்ணே" என்றான். சும்மா இருந்தேன். தகடு நழுவி என் முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியப் பிளந்துவிட்டது. ஓடிய ரத்தத்தில் கப்பலே விட்டிருக்கலாம்.

எலும்பின் மேல் புதுச் சதை மூடாவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. அதற்காகப் புண்ணில் ஸ்பான்ஜை வைத்து, மேலே காற்றுப் புகாத தாளை ஒட்டி, குழாயால் ஒரு பெட்டியோடு இணைத்திருக்கிறார்கள். உன் அப்பன் டீ குடிக்கும் சத்தத்தோடு அது ஓயாமல் உறிஞ்சுகிறது.

என் ரத்தமெல்லாம் போய்விடாதா என்று கேட்டேன். "கெட்ட நீரும் வீக்கமும்தான் போகும் சார். சதையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கறதால, இங்க ரத்தம் பத்தலைன்னு உடம்புக்குத் தகவல் போகும். பழைய ரத்தக்குழாய்லேர்ந்து புதுசா கிளை விடும்" என்றார். அதாவது மகளே, வம்புக்கிழுத்தால் வளர்கிறது. என் சுபாவமே அதுதான்.

நேற்று தாளின் ஓரம் பிரிந்து காற்றுப் புகவும், பெட்டி அலறி ஏழு உலகத்தையும் கூட்டியது. வராந்தாவிலேயே குடியிருக்கும் உன் அப்பன்தான் முதலில் ஓடிவந்தான். நர்ஸ் வரும்வரை உள்ளங்கையால் தாளை அழுத்திப் பிடித்திருந்தான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குள் பட்டறையிலிருந்து அவனுடைய அடுத்த துரோகச் செய்தி வந்தது. அந்த இயந்திரத்தில் காலால் அழுத்தும் மிதியைக் கழற்றிவிட்டு, கையால் இழுக்கும் பிடி மாட்டியிருக்கிறானாம். "அண்ணனுக்குச் சுலபமா இருக்கட்டும்னுதான்" என்றானாம். உயிரோடிருக்கும் காலுக்கு இரங்கல் கூட்டம் நடத்திவிட்டான், பாவி.

இன்று ஸ்பான்ஜை மாற்றும்போது எட்டிப் பார்த்தேன். எலும்பின் ஓரமெல்லாம் மாதுளை முத்தாய்ச் சிவந்திருக்கிறது. "எல்லாம் புது ரத்தக்குழாய்ங்க. ஆனா நடுவுல இன்னும் மூடலை" என்றார் டாக்டரம்மா. ஒவ்வொரு முத்தும் என் படைவீரன். அந்தப் படையோடு நடந்து வந்து, அவன் கண்ணெதிரே மிதிப்பேன். முதலில் இயந்திரத்தை. அவனை அப்புறம்.

நீ சொன்னால் கேட்பான். காப்புத் தடுப்பை மாட்டச் சொல். மிதியையும் பழையபடி மாட்டச் சொல். நடுவில் சதை மூடட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இப்போதே மாட்டச் சொல்.

நீ நீடூழி வாழ்க. உன் அப்பனும் வாழட்டும். பழிவாங்க எனக்கு வேறு தம்பி ஏது?

உன் பெரியப்பா