கலங்கலுக்கு ஒரு கோடு

மார்ச் 4
பயிற்சிக்குப் புதிதாக ஒரு ஜோடி. தையல்காரரும் அவர் மனைவியும். அவருக்குச் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. வயிற்றில் குழாய் வைத்தாகிவிட்டது. இனி தினமும் வீட்டிலேயே பையிலிருந்து திரவத்தை உள்ளே விட்டு, பழையதை வெளியே எடுக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்து அனுப்புவது என் வேலை.

ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். தெரிந்ததையெல்லாம் வட்டத்துக்குள் எழுதி, எது எதோடு சேரும் என்று கோடு போட்டு, எப்படிச் சேரும் என்று கோட்டின் மேல் எழுத வேண்டும். பயிற்சி முடிந்ததும் இன்னொரு தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மண்டையில் என்ன ஏறியது என்று தெரிந்துவிடும். கருத்து வரைபடம் என்று நாங்கள் சொல்வோம். தையல்காரர் அதற்கு உருண்டைப் படம் என்று பெயர் வைத்துவிட்டார். மனிதர் ஊர்ப்பட்ட வட்டம் போட்டு எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைத்திருந்தார். அந்தம்மா மூன்றோடு பேனாவை மூடிவிட்டார்.

மார்ச் 8
கை கழுவுவதில் அவர் அவசரப்படுகிறாராம். "காஜா எடுக்கறப்ப இப்படியா அவசரப்படுவீங்க?" என்று அந்தம்மா கேட்டதும் முனகிக்கொண்டே மறுபடி போய்க் கழுவினார். இவர்களை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மார்க் போடுகிறவளுக்கு இது ஆகாது.

மார்ச் 12
இரண்டாவது தாள். அந்தம்மாவுடையது அருமை. வெளியே வரும் திரவம் கலங்கினால் கிருமி, கிருமி என்றால் உடனே ஆஸ்பத்திரி — எல்லாம் இருக்கிறது. அவருடையதோ முதல் தாளைவிடச் சின்னது. கை, முகமூடி, பை, குழாய். ஒரு கோடுகூடத் தப்பில்லை, ஆனால் அதோடு சரி. கலங்கல் என்ற வட்டமே இல்லை! அதைப் பாடம் எடுத்த அன்றைக்குக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாரே. மறந்துவிட்டாரா? இல்லை, நான் சொல்லிக்கொடுத்த லட்சணமா?

பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இந்த நிலையில் வீட்டுக்கு அனுப்ப முடியாது, வாரத்துக்கு மூன்று நாள் இங்கே வந்து ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் படுக்கட்டும் என்றார். அப்படியானால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

மார்ச் 13
கேட்டேவிட்டேன். "அதெல்லாம் அவ பாத்துக்குவா சிஸ்டர். கைவேலை எனக்கு, கவனிக்கறது அவளுக்கு. பிரிச்சுக்கிட்டோம்" என்றார்.

இரண்டு தாளையும் ஒட்டி வைத்தேன். ஒரே படம்தான், ஆளுக்குப் பாதி. எனக்கு வந்ததே கோபம். விடிகாலையில் அந்தம்மா தூங்கும்போது முதல் பையை மாற்றப்போவது இவர்தானே? கலங்கியிருந்தால் பேசாமல் கொட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாரா? கத்திவிட்டேன். அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தாங்க அப்படிச் சொன்னேன். அவருக்கு எதுக்குப் பயம்னு" என்றார்.



மார்ச் 14
டாக்டரிடம் அவகாசம் கேட்டேன். முறைத்தார். கொடுத்தார்.

மார்ச் 18
அவர் அந்தம்மாவுக்கு, அந்தம்மா அவருக்கு — மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுக்க வைத்தேன். தண்ணீரில் துளி பால் கலந்து பையில் ஊற்றி, செய்தித்தாள் மேல் வைத்துக் காட்டினேன். பை வழியாக எழுத்துத் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் ஓடி வர வேண்டும். தையல்காரர் அந்தப் பையை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

இன்று மூன்றாவது தாள், தனித்தனி அறையில். கலங்கலிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தையல்காரர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்குத்தான் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மே 2
காலையில் வார்டைத் திறந்தால் வாசலில் தையல்காரர், கையில் பை. சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடவில்லை. "பேப்பர் மேல வச்சுப் பாத்தேன் சிஸ்டர். எழுத்துத் தெரியல."

கிருமிதான். நல்லவேளை, ஆரம்பத்திலேயே வந்துவிட்டார், குழாயை எடுக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். பயந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருந்துச்சு. அதான் நிக்காம வந்துட்டேன்."

கொஞ்ச நேரத்தில் அந்தம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். என்னை ஏன் எழுப்பவில்லை என்று அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். பிறகு பையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் மருந்தை ஏற்றத் தொடங்கினேன்.